வெளிநாட்டு வேலைக்கு போனாலும் சோழவந்தானில் ஓட்டு உண்டு!

சோழவந்தான்:-

"துபாய், சிங்கப்பூர்னு வேலைக்கு போயிட்டா ஊர்ல ஓட்டு போயிடுமா?" இப்படி கவலைப்படுவோர் பலர். போகாது. 2011 முதல் இதற்கு சட்டத்தில் வழி உண்டு.

படிவம் 6ஏ-யை நிரப்பி, பாஸ்போர்ட், விசா நகல்களில் கையெழுத்திட்டு, சோழவந்தான் தொகுதி வாக்காளர் பதிவு அதிகாரிக்கு தபாலில் அனுப்பலாம். ஆன்லைனிலும் பதியலாம். கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரிப்படி பெயர் சேரும். பழைய வாக்காளர் அட்டையை ஒப்படைக்க வேண்டும்.

ஓட்டுப்போட நேரில் வரணும். ஒரிஜினல் பாஸ்போர்ட்டை காட்டணும்.

சிங்கப்பூரில் 'பி.ஆர்.' வாங்கினாலும் உரிமை போகாது. அந்நாட்டு குடியுரிமை வாங்கினால்தான் போச்சு!

ஊருக்கே திரும்பிட்டால் படிவம் 6 கொடுத்து மறுபடி பெயர் சேர்க்கணும். புரோக்கர்களிடம் பணம் கொடுத்து ஏமாறாதீங்க!