தப்ஸ் முதல் ராப் வரை: நம் பிள்ளைகளின் காதில் ஒலிப்பது என்ன?

ராயகிரியில் மாலை வெயில் தாழ்ந்த பிறகு, பேருந்து நிறுத்தத்தின் ஓரத்தில் நம் பிள்ளைகள் நான்கைந்து பேர் ஒரு கைபேசியைச் சூழ்ந்து நிற்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். ஒருவன் மூச்சு விடாமல் சொற்களை அடுக்குகிறான். இன்னொருவன் உதட்டாலேயே தாளம் போடுகிறான். கடந்து செல்லும் பெரியவர் ஒருவர் நின்று, "இது பாட்டா, ஏச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

காரணம் உண்டு. நாம் அறிந்த ஒரு வீட்டில் தகப்பனார் தம் மகனின் நோட்டை அடுப்பில் போட்டுவிட்டார். மதரஸாவில் குர்ஆன் ஓதி முடித்த பிள்ளை அவன். ராப் என்னும் பெயரைக் கேட்டதுமே கஞ்சாவும் துப்பாக்கியும் அவர் நினைவில் வந்து நின்றன. நோட்டில் என்ன எழுதியிருந்தது என்பதை ஒருவரும் வாசிக்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் தந்தையும் மகனும் பேசிக்கொள்வது குறைந்துபோயிற்று. அந்த அச்சம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு நியாயம் உண்டு என்பதை அறிய, நாம் கொஞ்சம் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

சந்தத்தோடு சொல்லெறிவது நமக்குப் புதிதன்று. கவிதையே பெருமையாக இருந்த அரபு மண்ணில்தான் இஸ்லாம் தோன்றியது. திருக்குர்ஆனின் 26ஆம் அத்தியாயத்திற்குக் கவிஞர்கள் என்றே பெயர். தாம் செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களை அது கண்டிக்கிறது. ஈமான் கொண்டு நற்செயல் புரிவோரை அந்தக் கண்டனத்திலிருந்து விலக்கியும் வைக்கிறது. வசைக்கவி பாடிய பகைவருக்குப் பதில் பாட ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துக் கொடுக்கப்பட்டதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. இசைக்கருவிகள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே தீர்த்துவைக்க நாம் முற்படவில்லை. ஆனால் சொல்லைப் பொறுத்தவரை, என்ன சொல்கிறாய், சொன்னபடி வாழ்கிறாயா என்ற இரண்டும் பழைய கேள்விகள்.

தமிழிலும் நமக்கு நீண்ட மரபு இருக்கிறது. 1572இல் மதுரையில் அரங்கேறிய ஆயிரம் மசலா, கேள்வியும் விடையுமாக நடக்கும் நூல். கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா, படைப்போர் என நம் புலவர்கள் கையாண்ட வடிவங்கள் பலவும் உரக்கப் பாடிக் கேட்பதற்கே பிறந்தவை. பொட்டல்புதூர் கந்தூரிக்கு வரும் பக்கீர்கள் தப்ஸைத் தட்டியபடி பாடியதையும், ரமலான் இரவுகளில் ஸஹருக்கு எழுப்பத் தெருத்தெருவாக வந்ததையும் நம் வீட்டு முதியோர் இன்றும் சொல்கிறார்கள். ஒரு தோற்கருவி, ஒரு குரல், நிற்காத சந்தம். 2015இல் மறைந்த நாகூர் ஹனீஃபாவின் கம்பீரக் குரல் ஒலிபெருக்கிகளில் வளர்ந்ததும் இந்தக் கேட்கும் பழக்கத்தின் மேல்தான்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்ட் 11 அன்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடந்தது. தங்கை சிண்டி ஏற்பாடு செய்ய, ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுகளை ஓட்டினார். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் துள்ளுகிறது என்பதைக் கவனித்த அவர், ஒரே இசைத்தட்டின் இரு படிகளைக் கொண்டு அந்த நொடிகளை நீட்டினார். அந்தத் தாளத்தின் மேல் பேசத் தொடங்கியவர்களே ராப் பாடகர்கள் ஆனார்கள். நெடுஞ்சாலைக்காக இடிக்கப்பட்டும், தீயில் எரிந்தும் சிதைந்த வட்டாரம் அது. வேலையற்ற கறுப்பின, லத்தீன் இளைஞர்களிடம் வேறு மேடை ஏதும் இருக்கவில்லை.

அதற்கும் ஐந்தாண்டுகள் முன்பே, 1968இல், மால்கம் எக்ஸின் பிறந்தநாளன்று ஹார்லெமில் லாஸ்ட் பொயட்ஸ் என்னும் குழு உருவாகியிருந்தது. மேளத்தோடு கவிதை சொன்ன அக்குழுவின் ஜலாலுத்தீன் மன்சூர் நூரித்தீன், உமர் பின் ஹஸன் ஆகியோர் முஸ்லிம்கள். ராப் இசையின் முன்னோடிகளாக இவர்களைப் பலரும் குறிப்பிடுகிறார்கள். யாஸீன் பே (அப்போது மோஸ் டெஃப்) 1999இல் வெளியிட்ட இசைத்தொகுப்பைப் பிஸ்மில்லாஹ்வோடு தொடங்கினார். இதையெல்லாம் பெருமையடிக்க நாம் சொல்லவில்லை. ராப் என்றாலே நமக்கு அந்நியமானது என்ற எண்ணம் சரித்திரத்திற்குப் பொருந்தாது என்பதற்காகவே சொல்கிறோம்.

இருப்பினும் அந்தத் தகப்பனாரின் அச்சம் வெறும் கற்பனையன்று. பெரும் பணம் புகுந்தபின் இக்கலையின் ஒரு பகுதி வன்முறையையே சரக்காக்கி விற்றது. டூபாக் ஷகூர் 1996 செப்டம்பரில் சுடப்பட்டு இறந்தபோது வயது 25. ஆறு மாதம் கழித்து நட்டோரியஸ் பிக் சுடப்பட்டபோது வயது 24. நம் நாட்டிலேயே, பாடல்களில் துப்பாக்கியைக் கொண்டாடிய பஞ்சாபின் சித்து மூஸேவாலா 2022 மே 29 அன்று 28 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் சாவுக்குப் பாட்டுதான் காரணம் என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. ஆனால் அந்தச் சாவுகளையும் வீரமாக்கி விற்பதற்குச் சந்தை இருந்தது, இருக்கிறது.

தமிழுக்கு இக்கலை இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று திரைப்படம்: 1994இல் காதலன் படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பேட்டை ராப்'. மற்றொன்று மலேசியா. அங்கே பொயட்டிக் அம்மோ குழுவில் தொடங்கிய யோகி பி, நட்சத்திரா குழுவோடு 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். மலேயா, சிங்கப்பூர் என்பவை நம் பக்கத்து வீடுகளுக்கு அயலூர்கள் அல்ல. கடையநல்லூரிலிருந்து போனவர்கள் 1941இலேயே சிங்கப்பூரில் தமக்கென முஸ்லிம் லீக் சங்கம் அமைத்திருந்தார்கள். கப்பலேறிப் போன குடும்பங்களின் தமிழ் அங்கே வேறு தாளத்தில் வளர்ந்து, இங்கே திரும்பி வந்தது என்றும் கொள்ளலாம்.

பிறகு வந்தவற்றில் எல்லாம் ஒரு தரமல்ல. ஹிப்ஹாப் தமிழாவைப் புகழுக்குக் கொண்டுவந்த 'கிளப்புல மப்புல' குடிக்கும் பெண்களைப் பழித்த பாட்டு. குடி யாருக்கும் ஹராம்தான். ஆனால் ஆண்கள் குடிப்பதைக் கொண்டாடும் பாட்டுகள் நூறு வந்தபோது எழாத கோபம் பெண்கள்மீது மட்டும் ஏன் எழுந்தது என்று நம் பெண்மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

மறுபுறம், சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் 2015இல் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச நச்சைப் பற்றிப் பாடினார். 2001இலேயே மூடப்பட்ட ஆலை அது. தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடியும் ஊர் அறியாதிருந்த செய்தியை உலகம் கேட்டது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு மட்டும் அதைச் செய்யவில்லை. தொழிலாளர்களின் பொறுமைக்கு அது ஒலிபெருக்கியாக அமைந்தது.

அறிவு என்னும் இளைஞரின் பெயரையும் நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். 2018இல் சென்னையில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடியவர். குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு எதிராக நம் ஊர்களில் பெண்கள் தெருவில் அமர்ந்த நாட்களில் அவருடைய 'சண்ட செய்வோம்' கைபேசிகளில் சுற்றியது. நம்மைச் சேராத ஒருவர் நமக்காகக் குரல் கொடுத்ததை அந்தப் பிள்ளைகள் மறக்கவில்லை. 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யில் அவர் வைத்தது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் கதையை. அதே ஆண்டு ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் அப்பாட்டைச் சொன்னபோது அவர் படம் இடம்பெறவில்லை என்று பெரும் சர்ச்சை எழுந்தது. எழுதியவனின் முகம் எங்கே என்று நம் பையன்கள் எங்களிடமே கேட்டார்கள்.

அந்த நோட்டுக்கு வருவோம். எலுமிச்சை மூட்டை சுமக்கும் வாப்பாவின் தோளைப் பற்றித்தான் அதில் பெரும்பாலும் எழுதியிருந்ததாக, வெகுநாள் கழித்து அந்தப் பிள்ளையே நம்மிடம் சொன்னான். இரண்டு பக்கம் கெட்ட வார்த்தையும் இருந்தது என்று தலை குனிந்தான். இப்போது புதிய நோட்டு வாங்கியிருக்கிறான். சென்ற மாதம் இஷாவுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து அவன் படிக்க, வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "கொஞ்சம் மெதுவாச் சொல்லுப்பா, புரியல" என்றார். அவன் அந்த வரியை மறுபடியும் சொன்னான்.