நெட்ஸ்டாட் அடிச்சது யாரு?

2019 அக்டோபர் 11, 12 ஞாபகம் இருக்கா? மாமல்லபுரத்தில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த ரெண்டு நாள். ஈ.சி.ஆர். முழுக்க போலீஸ். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் கல்பாக்கம் அணுமின் நிலையம். அதை நடத்துவது என்.பி.சி.ஐ.எல்., அதாவது இந்திய அணுமின் கழகம். அதே கழகம் நடத்தும் கூடங்குளத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்ற விஷயம் அந்த நாட்களில் கழகத்துக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு அதைக் கவனித்துச் சொன்னது செப்டம்பர் 4-ஆம் தேதி. அக்டோபர் 28-இல் அந்த மால்வேரின் மாதிரி இணையத்தில் வெளியே வந்தது. மறுநாள் கூடங்குளம் நிர்வாகம், பரவுவது பொய்ச் செய்தி, எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி நெட்வொர்க்கோடு இணைக்கப்படவே இல்லை என்று மறுத்தது. அதற்கும் மறுநாள், 30-ஆம் தேதி, மால்வேர் இருந்தது உண்மைதான் என்று கழகமே ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் உள்ள நெட்வொர்க்கில் ஒருவருடைய பி.சி.யாம். முக்கியமான உள் நெட்வொர்க் தனியாக இருக்கிறதாம்.

ரியாக்டரைத் தொடவில்லை என்பதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் ‘வெறும் ஆபீஸ் கம்ப்யூட்டர்தானே’ என்கிற தொனிதான் உறுத்துகிறது.

மால்வேரின் பெயர் டிட்ராக். வட கொரியாவின் லாசரஸ் குழுவோடு தொடர்புடையது என்கிறது காஸ்பர்ஸ்கை. அது என்ன செய்தது தெரியுமா? ஐபிகான்ஃபிக், டாஸ்க்லிஸ்ட், நெட்ஸ்டாட் கமாண்டுகளை ஓட்டி, விடைகளை ஃபைலில் சேர்த்தது. கூடவே பிரவுசர் ஹிஸ்டரியும். நம்ம சிஸ்டத்துக்குள் யாராவது இருக்காங்களான்னு பார்க்க நாமளே அடிக்கிற கமாண்டுகள்தான் இவை! போதாததற்கு, கூடங்குளம் நெட்வொர்க்கின் உள் முகவரியும் ஒரு நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டும் அந்த நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. எதேச்சையாக வந்து விழுந்த வைரஸுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? யாரோ முன்னாடியே வந்து வீட்டை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

1998-இல், பொக்ரான் சோதனை முடிந்த சில வாரங்களில், மில்வோர்ம் என்ற டீனேஜ் கும்பல் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குள் புகுந்து மெயில்களை எடுத்தது. அவர்கள் வெப்சைட்டையே மாற்றி எழுதி ஊருக்கெல்லாம் அறிவித்தார்கள். டிட்ராக் மூச்சே விடவில்லை.

நம்ம வீட்டு கம்ப்யூட்டரிலும் இதே தப்பைத்தான் செய்கிறோம். சத்தம் போடுவதை மட்டும் பார்க்கிறோம். லினக்ஸில் எஸ்.எஸ்.எச். திறந்து வைத்திருந்தால், ஆத் லாகில் ‘ஃபெயில்ட் பாஸ்வேர்ட்’ வரிகள் கொட்டும். விண்டோஸில் ஈவென்ட் வியூவரின் செக்யூரிட்டி பகுதியில் 4625. இது பெரும்பாலும் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிற தானியங்கி நிரல்கள். பயப்பட வேண்டியது, வரிசையான தோல்விகளுக்கு அப்புறம் வரும் ஒரே ஒரு ‘அக்செப்டட்’ வரிக்கு. விண்டோஸில் அது 4624. அதில் லாகான் டைப் 10 என்றிருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்திருக்கிறார்கள். நீங்களா என்று யோசியுங்க.

அடுத்து, உள்ளேயிருந்து வெளியே போவது. ‘நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ’ அடித்தால் எந்த ப்ராசஸ் எந்த முகவரியோடு பேசுகிறது என்று வரும். அந்த ப்ராசஸ் எண்ணை டாஸ்க்லிஸ்டில் தேடினால் பெயர் கிடைக்கும். பெயரை மட்டும் நம்பாதீங்க, ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றும் பாருங்க.

இந்த எபிசோடுக்காகச் செங்கல்பட்டு வீட்டில் அப்பாவோட கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தேன். ஒரு வெளிநாட்டு முகவரி, விடாமல் பேச்சுவார்த்தை. நெஞ்சு திக்கென்றது. தேடினால், மூணு வருஷம் முன்னாடி பழைய இரும்புக்குப் போட்ட பிரிண்டரின் மென்பொருள், இன்னும் அப்டேட் கேட்டுக்கிட்டிருக்கு.