கூச்சமா, அச்சமா, ஆட்டிசமா? சுயபரிசோதனை மதிப்பெண் சொல்வதும் சொல்லாததும்

சில மாதங்களுக்கு முன், இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகன் இணையத்தில் இரண்டு சுயபரிசோதனைகளைச் செய்து பார்த்திருந்தான். ஒன்றில் 41 மதிப்பெண். சமூகப் பதற்றம் என்று முடிவு. மற்றொன்றில் 33, ஆட்டிசம் இருக்கலாம் என்று முடிவு. அன்றிலிருந்து மகன் கல்லூரிக்குப் போகவில்லை. “எனக்குப் பிறவியிலேயே இப்படி, இனி மாறாது” என்கிறானாம். தாயோ, “பிள்ளைக்குக் கூச்ச சுபாவம், நிக்காஹ் ஆனால் சரியாகிவிடும்” என்கிறார். பாட்டி ஓதிப் பார்க்கச் சொல்கிறார். “ஹஜ்ரத், இதில் எது உண்மை?” என்று கேட்டார் அந்தத் தந்தை.

இப்போது பல வீடுகளில் எழும் கேள்வி இது. நான் மருத்துவன் அல்லன். படித்தும், மனநல மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்ததை நம் குடும்பங்களுக்குப் புரியும்படி இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சமூகப் பதற்றம் என்பது என்ன?

பிறர் தன்னைக் கவனிக்கிறார்கள், எடை போடுகிறார்கள், கேலி செய்துவிடுவார்கள் என்ற அச்சமே இதன் வேர். வகுப்பில் எழுந்து பதில் சொல்வது, வலீமா விருந்தில் பலர் முன் சாப்பிடுவது, அறிமுகமில்லாதவருக்குத் தொலைபேசியில் பேசுவது, இகாமத் சொல்லும்படி இமாம் திரும்பிப் பார்ப்பது போன்ற சாதாரணத் தருணங்களில்கூட நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் சிவக்கும், வியர்க்கும். நாளடைவில் அந்த இடங்களுக்குப் போவதையே தவிர்க்கத் தொடங்குவார்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980இல் இது தனி நோயாக இடம்பெற்றது. 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பின்படி, இந்த அச்சம் பொதுவாக 6 மாதங்களுக்கு மேல் நீடித்து, படிப்பு, வேலை, உறவு ஆகியவற்றைப் பாதித்தால்தான் அதை நோய் என்று சொல்ல முடியும். மேடையேறும்போது ஒருநாள் நடுங்குவது நோய் ஆகாது. பெரும்பாலும் பதின்ம வயதில் இது தலைகாட்டுகிறது.

ஆட்டிசம் என்பது என்ன?

1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவிலும், 1944இல் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் ஆஸ்திரியாவிலும் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இது மூளை வளர்ச்சியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. இரண்டு பக்கங்கள் சேர்ந்திருந்தால்தான் ஆட்டிசம் என்பார்கள்.

முதல் பக்கம், மக்களோடு பழகும் முறையில் உள்ள வேறுபாடு. முகக்குறிப்பு, குரலின் ஏற்ற இறக்கம், பேச்சின் மறைபொருள் ஆகியவை பிறருக்குத் தானாகப் புரிவதுபோல் இவர்களுக்குப் புரிவதில்லை.

இரண்டாம் பக்கம், ஒரே மாதிரியான பழக்கங்கள், ஒரு பொருளில் மட்டும் ஆழ்ந்த ஈடுபாடு, வழக்கம் மாறினால் தாங்க முடியாத தவிப்பு, சத்தம், வெளிச்சம், வாசனை, துணியின் உறுத்தல் போன்றவற்றில் மிகையான கூருணர்வு முதலியவை. இந்தப் பட்டியலில் சிலவாவது இருக்க வேண்டும்.

இவற்றின் அடையாளங்கள் சிறு வயதிலேயே இருந்திருக்கும். ஆனால் வீட்டின் பாதுகாப்பில் அவை வெளியே தெரியாமல் இருந்து, கல்லூரி, வேலை, திருமணம் என்று பொறுப்புகள் கூடும்போது வெளிப்படுவதும் உண்டு.

சுயபரிசோதனைகள் எப்படி அமைந்தவை?

இணையத்தில் சுற்றிவரும் பல பரிசோதனைகள் மூன்று மூல வினாப்பட்டியல்களிலிருந்து எடுத்தவை.

லீபோவிட்ஸ் அளவுகோல் 1987இல் வெளியானது. 24 சூழல்கள்; ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு அச்சம், எவ்வளவு தவிர்ப்பு என இரண்டு மதிப்பெண். மொத்தம் 144. மருத்துவர் நேரில் கேட்டு நிரப்பும் கருவியாக உருவானது, பின்னர் தானே நிரப்பும் வடிவிலும் வந்தது.

ஸ்பின் என்னும் பட்டியல் 2000இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவானது. 17 கேள்விகள், மொத்தம் 68. 19ஐத் தொட்டால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பது கணக்கு. கடந்த ஒரு வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்றுதான் இது கேட்கிறது.

ஏ.க்யூ. என்னும் ஆட்டிசப் பட்டியல் 2001இல் சைமன் பேரன்-கோஹென் குழுவினர் கேம்பிரிட்ஜில் வெளியிட்டது. 50 கேள்விகள். 32ஐ எல்லையாக வைத்தார்கள்.

அந்தக் கேம்பிரிட்ஜ் ஆய்வில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் 32ஐத் தாண்டினார்கள். பொதுமக்களில் 2 சதவீதம் பேரே தாண்டினார்கள். கேட்டவுடன், “அப்படியானால் 33 வாங்கியவனுக்கு உறுதியாக ஆட்டிசம்தானே?” என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொண்டால், 1000 பேரில் 10 பேர். அவர்களில் 8 பேர் எல்லையைத் தாண்டுவார்கள். மீதி 990 பேரில் 2 சதவீதம் என்றால் ஏறக்குறைய 20 பேர் தாண்டுவார்கள். ஆக, எல்லையைத் தாண்டிய 28 பேரில் ஆட்டிசம் உள்ளவர் 8 பேர்தான். இந்தப் பட்டியல்கள் “மருத்துவரைப் பாருங்கள்” என்று கதவைத் தட்டுபவை. தீர்ப்பு எழுதுபவை அல்ல.

மதிப்பெண்கள் ஏன் கலந்து வருகின்றன?

கூட்டத்தில் நிற்பது, புதியவரோடு பேசுவது, நட்பு கொள்வது ஆகியவை உங்களுக்குக் கடினமா என்று இருவகைப் பட்டியல்களும் கேட்கின்றன. கேலிக்குப் பயந்து விருந்துக்குப் போகாதவனும், ஒலிபெருக்கியின் இரைச்சல் தாங்காமல் விருந்துக்குப் போகாதவனும் ஒரே கட்டத்தில்தான் குறியிடுவார்கள். மதிப்பெண் தவிர்ப்பை அளக்கிறது, காரணத்தை அளப்பதில்லை.

இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களிடம் சமூகப் பதற்றம் மற்றவர்களைவிட மிக அதிகமாகக் காணப்படுகிறது. பேச்சின் குறிப்புப் புரியாமல் பள்ளியில் பலமுறை கேலிக்கு ஆளான பிள்ளை, மக்களைக் கண்டாலே அஞ்சத் தொடங்குவதில் வியப்பில்லை.

நம் வீடுகளில் கூடுதல் கவனம் தேவைப்படும் இடங்கள்

இந்தப் பட்டியல்கள் மேலைநாட்டு வாழ்க்கையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எதிர்பாலாரோடு காதல் நோக்கில் அறிமுகம் செய்துகொள்வது பற்றியும் லீபோவிட்ஸ் அளவுகோல் கேட்கிறது. நம் பிள்ளை அதை ஹராம் என்பதால் தவிர்க்கிறான். அங்கே “எப்போதும் தவிர்ப்பேன்” என்று குறித்தால், இறையச்சம் நோயின் கணக்கில் ஏறிவிடும்.

அதேபோல் கண்ணைப் பார்த்துப் பேசுவது. அந்நிய ஆண்களிடம் பார்வையைத் தாழ்த்தப் பழகிய பெண்ணின் கண்கள் கீழே இருப்பது ஆட்டிசத்தின் அடையாளம் ஆகாது. அவள் தன் தாயிடம், சகோதரியிடம், உயிர்த்தோழியிடம் எப்படிப் பார்க்கிறாள், எப்படிப் பேசுகிறாள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. மதரஸாவில் பேசாமல் ஓரமாக இருக்கும் மாணவனை “நல்ல அதபு” என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். உள்ளுக்குள் அவன் படும் பாடு நம் கண்ணில் படுவதில்லை. வெட்கத்தை ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அந்த வெட்கம் தீமையிலிருந்து தடுக்கும், நன்மையிலிருந்து தடுக்காது. மார்க்கத்தைக் கற்பதிலிருந்து வெட்கம் தங்களைத் தடுக்க விடாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். சந்தேகம் கேட்கவும், பசித்தால் பலரோடு உட்கார்ந்து சாப்பிடவும் விடாத ஒன்றை ‘ஹயா’ என்று சொல்லி மூடி வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் விழிப்பு வேண்டும். ஆட்டிசம் உள்ள பெண்களில் பலர் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து, எப்போது சிரிப்பது, என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்து சமாளிக்கிறார்கள். விருந்தினர் போனதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கச் சோர்ந்து கிடப்பார்கள். வெளியே எல்லாம் சரியாகத் தெரிவதால் கண்டுபிடிப்பது தாமதமாகிறது.

பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டியவை

மருத்துவரிடம் போகும் முன் இவற்றுக்கான பதில்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மதிப்பெண்ணைவிட இந்தத் தாள் அவருக்கு அதிகம் உதவும்.

1. எப்போதிலிருந்து? மூன்று, நான்கு வயதில் பிள்ளை எப்படி விளையாடியது, எப்போது பேசத் தொடங்கியது? அப்போது கலகலப்பாக இருந்து, எட்டாம் வகுப்புக்குப் பிறகு ஒடுங்கியதா?

2. நெருங்கியவர்களோடு எப்படி? வீட்டில் சரளமாகப் பேசி, வெளியே மட்டும் நா எழவில்லை என்றால் அச்சத்தின் பக்கம் சாய்கிறது. வீட்டிலும் உரையாடல் ஒருவழியாகவே இருந்தால் ஆட்டிசத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

3. கூட்டத்தில் எது சிரமம்? “என்ன நினைப்பார்களோ” என்பதா? சத்தமும் நெரிசலுமா? என்ன பேசுவது என்றே தெரியாததா?

4. தனிமையில் எப்படி? யாரும் பார்க்காதபோதும் உணவின் பதம், சட்டையின் உறுத்தல், அன்றாட ஒழுங்கு மாறுதல் ஆகியவை தொல்லை தருகின்றனவா? சமூகப் பதற்றம் மட்டும் உள்ளவருக்குத் தனிமை பெரும்பாலும் நிம்மதி தரும்.

5. முடிந்த பிறகு எப்படி? பேசியதை நினைத்து நினைத்து வெட்கப்பட்டுத் தூக்கம் இழப்பது பதற்றத்தில் அதிகம்.

இவை வழிகாட்டும் கேள்விகள் மட்டுமே. முடிவு சொல்வது மனநல மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற உளவியலாளரின் வேலை. நம் நாட்டில் ஆட்டிசச் சான்றிதழுக்குப் பயன்படும் ‘இசா’ என்ற 40 அம்ச அளவுகோலைக்கூட நிபுணர்தான் பெற்றோரிடம் விசாரித்து, பிள்ளையை நேரில் கவனித்து நிரப்புகிறார்.

பிரித்தறிவது ஏன் அவசியம்?

வழிகள் வேறுபடுகின்றன. சமூகப் பதற்றத்துக்கு நல்ல சிகிச்சை உண்டு. அஞ்சும் இடங்களைச் சிறிது சிறிதாக, படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சையும், தேவையானால் மருந்தும் பலருக்குப் பலன் தருகின்றன. ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம். அங்கே தேவை, தெளிவான பேச்சு, முன்கூட்டியே சொல்லப்பட்ட ஒழுங்கு, இரைச்சல் குறைந்த இடம், தேவையான பயிற்சி. இரைச்சலால் தவிக்கும் பிள்ளையை “பழகினால் சரியாகும்” என்று மீண்டும் மீண்டும் கூட்டத்தில் தள்ளினால் அது இன்னும் ஒடுங்கும். இரண்டும் இருந்தால், பதற்றத்துக்கான சிகிச்சையைப் பிள்ளையின் இயல்புக்கேற்ப மாற்றிச் செய்வார்கள்.

நிக்காஹ் இரண்டுக்குமே மருந்தாகாது. தெரிந்ததை மறைத்து முடிப்பது மறுவீட்டாருக்குச் செய்யும் மோசடி. தெரிந்து ஏற்றுக்கொண்ட துணையோடு நல்வாழ்வு வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

மார்க்கம் காட்டும் முன்மாதிரி

ஃபிர்அவ்னிடம் செல்லும்படி கட்டளை வந்தபோது மூஸா (அலை) அவர்கள், தம் நெஞ்சு நெருக்கப்படுவதையும் நாவு ஓடாததையும் மறைக்காமல் அல்லாஹ்விடம் எடுத்துச் சொன்னார்கள் (26:13). நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி துஆ செய்தார்கள். தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள் (20:25-32). அல்லாஹ் அதைக் கண்டிக்கவில்லை, கேட்டதைக் கொடுத்தான். துஆவும் துணையும் ஒரே வேண்டுதலில் இருக்கின்றன. ஓதிப் பார்ப்பதையும் மருத்துவரிடம் போவதையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துபவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

முஆத் (ரலி) அவர்கள் தொழுகையை மிக நீட்டியதால் ஒருவர் விலகிப் போனார். நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது விலகியவரை அல்ல. பின்னால் நிற்பவர்களில் பலவீனமானவர் இருப்பதை எண்ணாத முஆதைத்தான். நம் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கற்க வேண்டிய பாடம் இது. அஞ்சும் பிள்ளையை ஆண்டு விழா மேடைக்கு இழுக்காமல், உஸ்தாதிடம் மட்டும் ஓதிக் காட்ட அனுமதிப்பதால் எந்தக் குறையும் வந்துவிடாது.

எங்கே செல்வது?

டெலி-மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, இலவசம், தமிழிலும் பேசலாம். பிள்ளை வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாலும் தாமதிக்காமல் அழையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சிறுவர்களுக்கு மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் உள்ளன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் பெற்றால் உரிய சலுகைகளைக் கேட்கலாம்.

அந்தத் தந்தை மகனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். என்ன கண்டறியப்பட்டது என்பது அவர்களுடைய அமானத். பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போகிறான். ஜும்ஆவுக்குக் கடைசி ஸஃப்பில், கதவோரமாக வந்து உட்காருகிறான். முன்னே வா என்று யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை.

நம் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் அறிவையும் பொறுமையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.