கோட்டுப்பையும் கண்ணாடித் தகடும்

பெரிய உணரி கொண்ட, ஆனாலும் சட்டைப்பைக்குள் அடங்கிவிடுகிற ஒரு சின்னக் கமரா அடுத்து எப்போது வரும் என்று ஒளிப்பட ஆர்வலர்கள் காத்திருப்பது கடந்த இருபது ஆண்டுகளில் தோன்றிய பழக்கம்போலத் தெரிந்தாலும், அந்தக் காத்திருப்பு பாரிஸ் நகரத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. உணரி என்பது முன்பு படச்சுருளும் அதற்கும் முன்பு கண்ணாடித் தகடும் செய்த வேலையை இன்று செய்யும் சிலிக்கான் சில்லு. லென்ஸ் வழியாக வரும் ஒளி வந்து விழும் பரப்பு அதுவே. அந்தப் பரப்பு அகன்றிருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும். ஆனால் அகன்ற பரப்பை நிரப்ப லென்சும் பெரிதாக வேண்டும், லென்ஸ் பெரிதானால் பை கொள்ளாது. இந்த முடிச்சை அவிழ்க்க முயன்ற பழைய பட்டறைகளில் முக்கியமான இரண்டு, ஈழத்தமிழர் ‘லாச்சப்பல்’ என்று அழைக்கும் பகுதியிலிருந்து ஏறத்தாழ அரைமணி நடைத் தொலைவில் இருந்தன.

வடக்கு ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கும் கிழக்கு நிலையத்தின் தண்டவாளங்களுக்கும் நடுவே அமைந்த லாச்சப்பல், 1860 ஜனவரி 1ஆம் நாள் பக்கத்து ஊர்களான லா வில்லெத், பெல்வில் ஆகியவற்றோடு பாரிஸில் சேர்க்கப்படும்வரை நகரெல்லைக்கு வெளியே கிடந்த ஊர். சரக்குக் கிடங்குகளும் தொழிற்கூடங்களும் மலிந்த இந்த வடகிழக்கு விளிம்பில் அன்று நுண்கருவிகள் செய்வோருக்கு வாடகையும் குறைவாக இருந்தது, கைத்திறன் கொண்ட ஆட்களுக்கும் பஞ்சமிருக்கவில்லை. இலங்கையின் இனக்கலவரத்துக்கும் போருக்கும் தப்பி, 1983க்குப் பின் பெருந்தொகையாக வந்த தமிழர்கள் ஃபோபூர் சென்தெனி, கய், பெர்தொனே தெருக்களில் கடைகளைத் திறந்தபோது, கமராவின் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு வட்டாரத்தின் ஓரத்திலேதான் அவர்கள் கடை விரித்தார்கள்.

அந்த வரலாற்றின் முதல் இடம் இன்றைய ரெபுப்ளிக் சதுக்கத்தின் அருகே இருந்த டாகேரின் ‘தியோராமா’ என்னும் ஒளிக்காட்சிக் கூடம். லூயி டாகேர் கண்டறிந்த ஒளிப்பட முறையை 1839 ஜனவரி 7ஆம் நாள் பிரான்சுவா அராகோ அறிவியல் கழகத்தில் அறிவித்தார். மார்ச் 8ஆம் நாள் அந்தக் கூடம் தீயில் எரிந்துபோனது. ஆகஸ்ட் 19ஆம் நாள் முறையின் விவரங்கள் முழுவதும் உலகுக்குத் திறந்துவிடப்பட்டன. டாகேரின் மேற்பார்வையில் அல்போன்ஸ் ஜிரூ செய்து விற்ற கருவித் தொகுதி, பெட்டி, தகடுகள், வேதிப்பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 50 கிலோ எடையும் 400 ஃபிராங்க் விலையும் கொண்டிருந்தது. அதன் முழுத்தகடு 16.5 × 21.5 சென்டிமீட்டர். இன்று பெரிய உணரி என்று கொண்டாடப்படுவதன் பரப்பு அந்தத் தகட்டில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் என்பதை நினைத்தால், ‘பெரிய’ என்ற அடைமொழி காலத்துக்குக் காலம் எவ்வளவு இறங்கிவந்திருக்கிறது என்பது விளங்கும்.

தகடு பெரிதாக இருந்ததற்குக் காரணம் ஆடம்பரம் அன்று. டாகேரின் முறையில் தகடே படம். பின்னர் எதிர்ப்படத்திலிருந்து தாளில் படியெடுக்கும் வழக்கம் வந்தபோதும், தாளைத் தகட்டோடு ஒட்டவைத்து வெயிலில் காட்டியே பெரும்பாலும் படியெடுத்தார்கள் என்பதால், தகடு எவ்வளவோ படமும் அவ்வளவே. ஆகவே கமராவைச் சிறிதாக்குவது என்றால் படத்தைச் சிறிதாக்குவது என்றே பொருளாயிற்று. இந்தத் தளையை அறுக்க, இன்றைய 19ஆம் வட்டாரத்தில், பெல்வில் மேட்டின் மெலேங்கு தெருவில் தொழிற்கூடம் வைத்திருந்த ழூல் ரிஷார் கண்ட வழி நயமானது. வளியழுத்தமானி, வெப்பமானி முதலியவற்றின் அளவுகளைத் தாமே தாளில் பதியும் கருவிகளைச் செய்து பெயர்பெற்ற அவர், 1893இல் ‘வேராஸ்கோப்’ என்னும் இரட்டைக்கண் கமராவை வெளியிட்டார். 45 × 107 மில்லிமீட்டர் தகட்டில் இரண்டு சிறு படங்கள் பக்கம்பக்கமாக விழும். அவற்றைக் கண்ணாடியிலேயே நேர்ப்படமாக்கி, பார்வைப்பெட்டி என்னும் சிறு கருவியில் செருகி இரு கண்களாலும் நோக்கினால், உருப்பெருக்கும் வில்லைகளின் வழியே காட்சி ஆழத்தோடு விரிந்து நிற்கும். படத்தைப் பெரிதாக்கும் வேலையைத் தாளிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டார் ரிஷார்.

வேராஸ்கோப்பின் உடல் பித்தளை. அதன் பின்புறத்தில் 12 தகடுகள் அடுக்கிய ஓர் இழுப்பறை உண்டு. படம் எடுத்ததும் அதை வெளியே இழுத்துத் திரும்பத் தள்ளினால், எடுத்து முடித்த தகடு அடுக்கின் கடைசிக்குப் போக, புதுத் தகடு முன்னே வந்து நிற்கும். கனத்த கோட்டின் பைக்குள் போகும், ஆனால் கோட்டின் ஒரு பக்கம் தொங்கிவிடும் என்ற அளவில்தான் அதைப் பைக்கமரா என்று சொல்ல முடியும். ரிஷாரின் சகோதரர் ஃபெலிக்ஸ்-மாக்ஸ் நடத்திய ஒளிப்படப் பொருள் வணிகம் சகோதரர்களுக்கிடையிலான வழக்கினால் கைமாற, 1895இல் அதை வாங்கியவர் அங்கே பணிபுரிந்த லெயோன் கோமோன். திரைப்படத் தொழிலில் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற கோமோனின் தொழிற்கூடம் பூத்-ஷோமோன் பூங்காவின் பக்கத்தில் அமைந்தது; அங்கிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ‘புளொக்-நோத்’, அதாவது குறிப்பேடு, என்னும் மடிப்புக் கமரா 4.5 × 6 சென்டிமீட்டர் தகடுகளைக் கொண்டது. முன்பலகையை இழுத்தால் துருத்தி விரியும், தள்ளினால் குறிப்பேட்டைப்போல் மடியும். பின்னாளில் ஒளிப்படக் கலைஞராகப் பெயர்பெற்ற ழாக் ஆன்றி லார்த்திக், சிறுவனாயிருந்தபோது ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடிக்கப் பயன்படுத்திய கருவிகளில் அதுவும் ஒன்று. கருவிக்கு இட்ட பெயரிலேயே அதன் நோக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதால், பைக்கமரா என்ற கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை அதற்குப் பிறகு வந்த எந்த நிறுவனமும் சூட்டவில்லை என்று சொல்லலாம்.

அடுத்த மாற்றம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. ஓஸ்கர் பார்னாக் வடிவமைத்து 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா, 24 × 36 மில்லிமீட்டர் படத்தைச் சினிமாச் சுருளில் எடுத்து, இருட்டறையில் உருப்பெருக்கிக் கருவியால் பெரிதாக்கும் வழியை நிலைநாட்டியது. சிறிய எதிர்ப்படம், பெரிய படம் என்ற அந்த ஏற்பாட்டின் உச்சம், ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1932இல் சென்-லசார் நிலையத்தின் பின்புறம் எடுத்த, தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் படம். அதன்பின் 1966இல் ரோலை 35, 1984இல் கொன்டாக்ஸ் டி, 1996இல் ரிக்கோ ஜி.ஆர். 1 என்று அதே 24 × 36 படத்தை எடுக்கும் கமராக்கள் உள்ளங்கை அளவுக்கு இறங்கின. படச்சுருள் சாய்வாக வரும் ஒளியையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் லென்சைச் சுருளுக்கு மிக அருகே வைக்க முடிந்ததே இதற்குக் காரணம்.

இன்றைய காத்திருப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. மக்கள் கேட்பது புதிதாக ஒன்றை அன்று, முன்பு கையிலிருந்து நழுவிப்போன ஒன்றைத்தான். கமரா இலக்கமுறைக்கு மாறியபோது, உணரியின் ஒளிக்குழிகள் நேராக இறங்கும் ஒளியையே விரும்புவதால், லென்சை நெருக்கினால் படத்தின் மூலைகள் இருண்டன. உணரியின் விலையும் பரப்போடு சேர்ந்து ஏறியது. எனவே இலக்கமுறைக் கைக்கமராக்கள் பெரும்பாலும் 6.2 × 4.6 மில்லிமீட்டர் அளவுள்ள விரல்நகப் பரப்போடு வந்தன. ‘ஒரு அங்குலம்’ எனப்படும் வகையோ 13.2 × 8.8 மில்லிமீட்டர்தான், அந்த அங்குலம் பழைய தொலைக்காட்சிக் கமராவின் வெற்றிடக் குழாயின் வெளிவிட்டத்திலிருந்து வந்த பெயர், எந்த அளவுகோலுக்கும் பிடிபடாதது. ஏறத்தாழ 23.6 × 15.6 மில்லிமீட்டர் கொண்ட ஏ.பி.எஸ்.-சி என்ற அளவுக்கும் 1996இல் வந்து விரைவில் மறைந்த ஒரு படச்சுருளின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏறத்தாழ அந்தப் பரப்பைச் சிறு உடலில் அடைக்கும் சிக்மாவின் டி.பி. 1, 2006 செப்டம்பரில் கொலோன் நகரக் கண்காட்சியில் அறிவிக்கப்பட்டு 2008இல்தான் கடைக்கு வந்தது. வந்தபோது படம் சிறப்பாக இருந்தது, கமராவின் வேகம் பொறுமையைச் சோதித்தது. 2012இல் சோனியின் ஆர்.எக்ஸ். 100 ஒரு அங்குல உணரியோடும், 2013இல் ரிக்கோவின் ஜி.ஆர். ஏ.பி.எஸ்.-சி உணரியோடும் 245 கிராம் எடையோடும் வந்து காத்திருந்தவர்களை ஓரளவு ஆற்றின. நிக்கோன் 2016 பிப்ரவரியில் அறிவித்த டி.எல். வரிசையின் மூன்று கமராக்களோ, ஓராண்டு காத்திருப்புக்குப் பின் ஒன்றுகூட விற்காமல் கைவிடப்பட்டன. இடையில் பனசோனிக் 2014இல் ஒரு அங்குல உணரியைக் கைப்பேசிக்குள்ளேயே வைத்து முதலில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் மட்டும் விற்றுப் பார்த்தது. கைப்பேசியே பைக்கமராவை விழுங்கப்போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு. இவ்வளவுக்குப் பிறகும் ஜி.ஆர். வரிசையின் நான்காம் தலைமுறைக் கமரா 2025இல் வந்தது என்றால், கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

லாச்சப்பலின் கமரா வழக்கம் இவற்றிலிருந்து வேறு. சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் படமெடுக்கும் தமிழ் ஸ்டூடியோக்காரருக்குத் தோளில் தொங்கும் கனத்த கமராவும் ஃபிளாஷ் விளக்கும் தொழிலின் அடையாளங்கள். சின்னக் கமராவோடு மணவறை ஓரம் நின்றால் அவரை யாரும் மதிக்கமாட்டார்கள். பைக்கமராவுக்கு உரிய இடம் தெருவில் இருக்கிறது. 1985இல் தோன்றி இப்போது பஜோல் தெருவில் இருக்கும் மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் கோடை முடிவில் வெளிவரும்போது, குவித்து உடைக்கப்படும் தேங்காய்களின் நீர் தார்ச்சாலையில் ஓட, கற்பூரச் சட்டிகளுக்கும் காவடிகளுக்கும் நடுவே தோளோடு தோள் உரசும் கூட்டத்தில் நீண்ட லென்சை உயர்த்த இடமிருக்காது; கைநீட்டும் தூரத்தில் முழுக் காட்சியும் அடங்கும் அகன்ற பார்வையும், இடுப்பளவிலேயே இயக்கக்கூடிய சிறு உடலும் அங்கே உதவும். கோமோனின் குறிப்பேட்டுக் கமராவுக்கும் அதே வேலைதான் விதிக்கப்பட்டிருந்தது.

பாரிஸின் ஒளிப்படக் கண்காட்சி 2022 முதல் லா வில்லெத்தின் பெருங்கூடத்தில், அதாவது 1867இல் மாட்டுச் சந்தைக்காகக் கட்டப்பட்ட இரும்புக் கூரையின் கீழ் நடக்கிறது. லாச்சப்பலிலிருந்து மெட்ரோவில் ஒருமுறை வண்டி மாறினால் சில நிறுத்தங்களில் போய்விடலாம். பிரெஞ்சுக்காரர் ‘கொம்பாக்ட் எக்ஸ்பேர்’ என்று பெயரிட்டு அழைக்கும், பெரிய உணரி கொண்ட பைக்கமராவை இத்தகைய கூடங்களில் எடுத்துப் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். ஆனால் காட்சி மேசைகளில் கமராக்களைத் திருட்டுக்கு அஞ்சிக் கம்பிவடத்தில் கட்டி வைப்பதே வணிக வழக்கம் என்பதால், அதைக் கோட்டுப்பைக்குள் போட்டுப் பார்க்க மட்டும் வடத்தின் நீளம் இடங்கொடுப்பதில்லை.