கிழவி என்றால் உரியவள்

உயர்தர வகுப்பில் தொல்காப்பியத்தின் அக மரபை விளக்கிக் கொண்டிருந்தோம். கிழவன், கிழவி என்ற சொற்கள் வந்ததும் வகுப்பே சிரித்தது. பின் வாங்கில் இருந்த மாணவர் ஒருவர், "சேர், அந்தக் காலத்தில வயசு போனவங்கதான் காதலிச்சாங்களா?" என்று கேட்டார். நாமும் சேர்ந்து சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரை எம்முடன் வந்தது.

தொல்காப்பியம் சொல்லும் கிழவிக்கு நரை இல்லை. அவள் காதல் கொண்ட தலைவி. 'கிழமை' என்றால் உரிமை. ஒருவருக்கொருவர் உரியவர்கள் என்பதால் அவர்கள் கிழவனும் கிழவியும் ஆனார்கள். திருக்குறளின் உழவு அதிகாரத்தில் வரும் கிழவன் நிலத்தின் சொந்தக்காரன். கோவூர் கிழார் போன்ற புலவர் பெயர்களில் உள்ள 'கிழார்' என்பதும் இதே குடும்பத்துச் சொல்தான். வீட்டுக்கும் காணிக்கும் உரியவர் பெரும்பாலும் மூத்தவராகவே இருப்பார். அந்த வழியாக இச்சொல்லுக்கு முதுமைப் பொருள் வந்திருக்கலாம்.

அப்படியானால் வயதான பெண்ணை முன்னோர் எப்படி அழைத்தார்கள்? ஒரு சொல்லால் அல்ல.

புறநானூற்றின் 277ஆம், 278ஆம் பாடல்களில், போரில் மகனை இழந்த தாய் 'முதியோள்' எனப்படுகிறாள். நரைத்த கூந்தலும் நரம்பு தெரியும் உடம்பும் அவளுக்கு உண்டு. இது வயதைச் சொல்லும் சொல். முல்லைப்பாட்டில் நெல்லும் மலரும் தூவி நற்சொல் கேட்டு நிற்பவர்கள் 'பெருமுது பெண்டிர்'. ஊருக்காக நன்மை தீமை அறிந்து சொல்லும் பொறுப்பு அவர்களிடம் இருந்தது. இங்கே முதுமை ஒரு தகுதி.

'மூதில் மகளிர்' என்பதை மாணவர்கள் அடிக்கடி பிழையாக விளங்கிக் கொள்கிறார்கள். இங்கே மூத்தது பெண் அல்ல, இல். பழமையான மறக்குடியில் பிறந்த பெண் என்பதே பொருள். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அந்தத் தாய், சிறுவனான தன் ஒரே மகனைப் போருக்கு அனுப்புகிறாள். அவள் கிழப்பருவத்தவளாக இருக்க வேண்டியதில்லை.

'மூதாட்டி' மரியாதைச் சொல். பெருமாட்டி, சீமாட்டி என்பவற்றில் உள்ள அதே 'ஆட்டி', ஆளுதல் என்ற வேரிலிருந்து வந்தது. 'பாட்டி' நேர்மாறான பயணம் செய்தது. தொல்காப்பிய மரபியலில் அது பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்ணுக்கு உரிய பெயர். சங்கப் பாடல்களில் பாணர் குலப் பெண்ணையும் குறித்தது. இன்று பிள்ளைகள் அன்போடு கூப்பிடும் சொல் அது. கீழே இருந்தது மேலே வந்தது. மேலே இருந்த கிழவி கீழே விழுந்தாள்.

உலா நூல்களையும் பாருங்கள். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்கள். பேரிளம்பெண்ணுக்குச் சொல்லப்படும் மேல் எல்லை 40 வயது. அதற்குப் பிறகு பருவமும் இல்லை, பெயரும் இல்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அல்குர்ஆனின் ஸூறா ஹூதில் இப்றாஹீம் நபியின் மனைவி தன்னை 'அஜூஸ்' என்றும் கணவரை 'ஷைக்' என்றும் சொல்கிறார். இருவரின் முதுமையையும் சொல்லும் சொற்கள் அவை. பிற்காலத்தில் ஷைக் என்பது அறிஞருக்கும் தலைவருக்கும் பட்டமாயிற்று. அஜூஸ் அப்படியே நின்றுவிட்டது. ஆணின் முதுமை பட்டமாகும்போது பெண்ணின் முதுமை வெறும் முதுமையாகவே எஞ்சுகிறது.

இப்போது எமது கிழக்கு மாகாணத்துக்கு வருவோம். இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாய்வழியில் வரும் குடி முறை முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் இருந்து வந்திருக்கிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே எமது மூத்தம்மாமார் தொல்காப்பியச் சொல்லின் முழுப் பொருளிலும் கிழவிகள். வீட்டுக்கும் வளவுக்கும் உரியவர்கள்.

ஆனால் நாம் கண்டது என்ன? உறுதி கையில் இருக்கும் வரை அவர் 'உம்மா', 'மூத்தம்மா'. மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்து, அவர் குசினிப் பக்க அறைக்குப் போன பிறகுதான், "அந்தக் கிழவி சும்மா இருக்காதே" என்ற பேச்சு எழுகிறது. உரிமை இருந்தபோது சொல்லாத சொல்லை, உரிமையைக் கொடுத்த பின் சொல்கிறோம். உரியவள் என்ற பொருள் கொண்ட சொல்லை வைத்தே அவரை உரிமையற்றவராக்குகிறோம்.

அடுத்த நாள் அந்த மாணவரிடம் இவை எல்லாவற்றையும் சொன்னோம். இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "சேர், எங்கட வீடு மூத்தம்மாட சீதன வீடுதான்."

உம்மும்மா, வாப்பும்மா, மூத்தம்மா, ஆச்சி, அம்மம்மா, அப்பம்மா... ஒவ்வொன்றிலும் ஓர் உறவும் ஓர் உரிமையும் இருக்கிறது. உங்கள் ஊரில் வழங்கும் சொல்லையும் எழுதுங்கள். எழுதுமுன் ஒரு தரம் அந்தச் சொல்லால் அவரைக் கூப்பிட்டுவிட்டு வாருங்கள்.