ஜெய் ஹிந்த் அஞ்சல்தலைகள்

ஜெய் ஹிந்த் அஞ்சல்தலைகள் என்பன விடுதலை பெற்ற இந்தியா முதன்முதலில் வெளியிட்ட மூன்று அஞ்சல்தலைகள் ஆகும். இவை நாசிக்கிலுள்ள இந்தியப் பாதுகாப்பு அச்சகத்தில் அச்சிடப்பட்டன. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் தாங்கிய தலைகள் புழக்கத்திலிருந்த காலத்தில், இவற்றில் நாட்டுச் சின்னங்களும் தேவநாகரி எழுத்தில் 'ஜெய் ஹிந்த்' என்னும் முழக்கமும் இடம்பெற்றன.

வெளியீடு

* 3½ அணா: தேசியக் கொடி - நவம்பர் 21, 1947
* 1½ அணா: அசோகத் தூணின் சிங்க முகடு - டிசம்பர் 15, 1947
* 12 அணா: பறக்கும் வானூர்தி - டிசம்பர் 15, 1947, வெளிநாட்டு வான் அஞ்சலுக்கானது

அக்காலத்தில் 16 அணா ஒரு ரூபாய் ஆகும்.

முதல் நாள் உறைகள்

அஞ்சல்தலை வெளியாகும் நாளிலேயே அது ஒட்டப்பட்டு, அந்நாளைய முத்திரை இடப்பட்ட உறை முதல் நாள் உறை எனப்படுகிறது. இத்தலைகளில் காணப்படும் 'ஆகஸ்ட் 15, 1947' என்பது விடுதலை நாளேயன்றி வெளியீட்டு நாள் அன்று. எனவே, அந்நாள் முத்திரையுடன் இவற்றைத் தாங்கிய உறை உண்மையானதாக இருக்க இயலாது. மூன்று தலைகளும் ஒட்டப்பட்ட உறையின் முத்திரை டிசம்பர் 15-க்கு முற்பட்டதாயினும் அவ்வாறே. சேகரிப்போர் வாங்குமுன் இதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

பிந்தைய வான் அஞ்சல்தலை

ஏர் இந்தியா இன்டர்நேஷனல் நிறுவனத்தின் முதல் பம்பாய் - லண்டன் பறப்பு ஜூன் 8, 1948 அன்று நடைபெற்றது. அதற்கான 12 அணா தலை முன்னதாகவே, மே 29 அன்று வெளியானது.