1980: இரண்டு ஓட்டுகள்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் நம் எழுத்தாள நண்பர்களிடம் ஒரே அபிப்ராயம்தான் இருக்கும்: ஜனங்களுக்குக் கொள்கை எதற்கு, முகம் போதும். 2024 ஜூனில் புதுக்கோட்டையில் நடந்த ஒரு மாலைப் பேச்சும் இதில்தான் போய் நின்றது. பல வருஷங்கள் நானும் இதைச் சொல்லி வந்தவன். இந்த ஊரின் தேர்தல் சரித்திரத்தைத் திரும்பப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை.

புதுக்கோட்டைத் தொகுதி 1962இல் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆர். உமாநாத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. கட்சி பிளந்த பிறகு, 1967இல், அதே உமாநாத்தை மார்க்சிஸ்டாக அனுப்பியது. இம்முறை அவர் இருந்த தி.மு.க. அணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. நில உச்சவரம்பு கேட்டவர்களும் சொத்துரிமைக்காகக் கட்சி கண்டவர்களும் ஒரே மேடையில். இந்த முரண்பாடு ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரியாது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? 1965இன் இந்தி எதிர்ப்பும் அதைத் தொடர்ந்த அரிசித் தட்டுப்பாடும் அவர்கள் முன் இருந்தன. காங்கிரஸ் போக வேண்டும் என்பதே அந்த வருஷத்தின் கொள்கை.

அடுத்தது இன்னும் சிக்கலானது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசை இந்திரா காந்தி அரசு கலைத்தது. 1977இல் நெருக்கடி நிலைக்காக வடநாடு அவரைத் தோற்கடித்தது. தமிழ்நாடு அவர் கட்சி இருந்த அ.தி.மு.க. அணிக்கு 39இல் 34 இடங்களைத் தந்தது. 1980 ஜனவரியில் கலைத்தவரும் கலைக்கப்பட்டவரும் ஓரணி. அந்த அணிக்கு 37. புதுக்கோட்டையிலும் இந்திரா காங்கிரஸே ஜெயித்தது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டசபைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு 234இல் 129. இந்த மாவட்டத்து அறந்தாங்கியும் அதில் ஒன்று.

முகம்தான் காரணம் என்றால் ஜனவரியில் அந்த முகம் எங்கே போயிற்று?

1979இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது. பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு இது வெறும் அரசாணை அல்ல. ஜனவரித் தோல்விக்குப் பின் அதே அரசு வரம்பை நீக்கி, 31 சதவீத ஒதுக்கீட்டை 50 ஆக்கியது. தோல்வியின் அர்த்தம் எம்.ஜி.ஆருக்கு உடனே விளங்கிவிட்டது. விமர்சகர்களாகிய நமக்குத்தான் விளங்கவில்லை. இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆட்சியைக் கலைத்ததன் மீதான கோபமும், தில்லிக்கு ஒரு கணக்கு சென்னைக்கு ஒரு கணக்கு என்ற நிதானமும் மே மாதத்தில் சேர்ந்தே இருந்திருக்க வேண்டும்.

வாக்காளரைத் தெய்வமாக்குவதும் இன்னொரு சோம்பல்தான். ஜாதி உண்டு, பணம் உண்டு. ஆனால் கொள்கை வித்தியாசங்களைக் கூட்டணிப் பேச்சில் கரைத்துவிடுபவை கட்சிகள். கரைந்தபின் மிஞ்சியதில் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பவர்களைப் பார்த்துக் கொள்கை இல்லாதவர்கள் என்கிறோம்.

2008 மறுசீரமைப்பில் புதுக்கோட்டைப் பாராளுமன்றத் தொகுதியே இல்லாமல் போயிற்று. மாவட்டம் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்காகப் பிரிந்தது. 2024இல் இந்த நான்கிலும் தி.மு.க. அணியே ஜெயித்தது, ஜெயித்தவர்கள் ம.தி.மு.க., காங்கிரஸ், முஸ்லிம் லீக். அன்று மாலை, ஜனங்கள் யோசிக்காமல் போட்டார்கள் என்றார் நண்பர். நால்வரும் எந்தெந்தக் கட்சி என்று கேட்டேன். அவருக்கு இரண்டு பேரைத்தான் தெரிந்திருந்தது.